வலது பக்கம் கடை அடைப்பு

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கிள்ளானிலிருந்து கிளம்பி வந்து என் வீட்டு கேட்டைப் பிடித்து ஆட்டுவாள். "என்னைக் கேட்டியாடி?" என்பாள். அவள் கேட்கும் கேள்விகளுக்கு இதுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. அதனால் பெயர் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் அழகு நிலையம் வைத்திருந்தாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம், சடை, புருவம் எல்லாம் அவள் பொறுப்பு. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு மருதாணி வைப்பது நான். வேலை கேட்டுப் போன முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது பாதி அப்படியொரு கச்சிதம். வரைந்து வைத்த புருவம், கன்னத்தில் லேசாக ரோஸ், கண்ணுக்கு மை. வலது பாதியில் கண் மையோடு சரி. பவுடர்கூட இல்லை. வலது புருவம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதையே கேட்டாள். "என்னக்கா, மேக்கப் போடும்போது பாதியில கரண்ட் போயிடுச்சா?"

"வலது பக்கம் கடை அடைப்புமா. இடது பக்கம் திறந்திருக்கு, பாத்துக்க," என்றாள் இவள், நூலை முறுக்கிக்கொண்டே.

புருவம் எடுப்பவர்கள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இவள் கழுத்தில் கட்டிக்கொள்வாள். பல்லைக் கடிக்க முடியாது என்பதால் அவளாகப் பழகிக்கொண்டது அது. அது ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்து எதிர்க்கடைக்காரியும் கழுத்தில் கட்ட ஆரம்பித்தாள். இவள் அதைப் பார்த்துவிட்டு வந்து, விழுந்து விழுந்து சிரிக்கவும் முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உம் உம் என்று முனகினாள். சிரிப்பதும் அவளுக்கு ஆகாது.

கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, காத்தாடி ஏன் ஓடவில்லை என்பது. ஓடாது. இறக்கைகளைக் கழற்றி அலமாரி மேலே போட்டிருந்தாள். சுவிட்சைப் போடாதீர்கள் என்று எழுதி ஒட்டிப் பார்த்தாளாம், யாரும் மதிக்கவில்லை. அதன் பிறகு நேராக எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிட்டாள். ஏர்கோன் வாயிலும் ஒரு அட்டையைச் சொருகி, காற்று கூரையைப் பார்த்துப் போகிற மாதிரி வைத்திருந்தாள். நம் ஊர் வெயிலில், பட்டுப்புடவையும் நகையுமாக மணப்பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, வேர்க்குதுக்கா."

"வேர்த்தா துடைச்சுவிடறேன். எனக்கு வந்தா அதைத் துடைக்க முடியாது, லா."

வலி வருகிறது, வருகிறது என்று அவள் சொல்வதை நான் கண்ணால் பார்த்தது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவால். மகளை அலங்கரித்து முடித்துத் திருப்பிக் காட்டியதும் அந்த அம்மாளுக்கு மனசு தாங்கவில்லை. "என் பொண்ணை மகாலட்சுமி ஆக்கிட்டியேம்மா," என்று சொல்லி இவள் கன்னங்கள் இரண்டையும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்கினார். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன.

இவள் அப்படியே நின்றாள். வாய் பாதி திறந்திருந்தது. வலது கை முகத்துக்குப் பக்கம் வரை போய், தொடாமல் நின்றுவிட்டது. வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். விட்டது என்று பார்த்தால் மறுபடி. மறுபடியும். கொஞ்ச நேரம் கழித்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, எங்க கை பட்டா என்ன ஒட்டிக்குமா?"

"உங்க கை நல்ல கைதான் ஆன்டி. என் கன்னம்தான் கெட்டது. அடுத்த தடவை பாராட்டணும்னா கையைத் தட்டுங்க. கன்னத்துக்கு வராதீங்க."

யோசித்துப் பார்த்தால் நம் ஆட்களின் பாசம் முழுக்கக் கன்னத்தில்தான் இருக்கிறது. கிள்ளுவது, வழிப்பது, முத்தம் கொடுப்பது, சந்தனம் பூசுவது எல்லாம் அங்கேதான். துக்க வீட்டில் கட்டிக்கொண்டு அழும்போதும் கன்னத்தோடு கன்னம்தான். அவளுடைய அம்மா இறந்தபோது, கட்டி அழ வந்த அத்தனை பேரையும் கை நீட்டித் தூரத்திலேயே நிறுத்தினாளாம். பெத்த தாய்க்கு அழாதவள் என்று இன்றைக்கும் சில பேர் சொல்கிறார்கள். சொல்பவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வந்தால் மருதாணியை நான் கொஞ்சம் கோணலாகத்தான் வைப்பேன்.

எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஈரக் கையோட சுவிட்சைத் தொட்டு ஷாக் அடிச்சிருக்கா உனக்கு?"

"அடிச்சிருக்கு."

"அதை எடுத்து ஈறுல வை. அங்கேருந்து கண்ணுக்குக் கீழே வரைக்கும் இழு. முடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். வீக்கம் கிடையாது, காயம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. யார்கிட்ட காட்டி நியாயம் கேக்கறது?"

அப்படித்தான் மூன்று பற்கள் போயின. முதலில் எல்லாருமே பல்வலி என்றுதான் நினைத்தார்கள், அவளும் சேர்த்து. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாள். வலி பக்கத்துப் பல்லுக்கு வந்தது. அதையும் பிடுங்கினாள். மூன்றாவதை எடுக்க பல் டாக்டர் தயங்கினாராம், பல்லில் சொத்தை இல்லையே என்று. இவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சண்டை போட்டு எடுக்க வைத்தாள். மறுநாள் காலையில் முகம் கழுவினாள். தண்ணீர் பட்டதும் பழையபடி ஷாக்.

"மூணும் நிரபராதிடி," என்பாள். "விசாரணையே இல்லாம தூக்குல போட்டுட்டேன்."

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு சின்ன வயது டாக்டர், சீனப் பெண். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இவளோடு நானும் போயிருந்தேன். எங்கே வலிக்கிறது, விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்றார் டாக்டர். இவள் விரலைக் கொண்டுபோய்க் கன்னத்துக்கு முன்னால் நிறுத்தினாள். தொட்டுக் காட்டுங்கள் என்றார் மறுபடியும். இவள், தொட மாட்டேன், நீங்களும் தொடக்கூடாது என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். காற்று பட்டால் வருமா? பல் துலக்கினால்? மெல்லும்போது? பேசும்போது? ஒவ்வொன்றுக்கும் இவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லச் சொல்ல, குரல் உடைந்துகொண்டே வந்தது. அதற்கு முன்னால் யாரும் அதையெல்லாம் கேட்டதில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு விளக்கினார். டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். முகத்துக்கு வரும் நரம்பு மூளையிலிருந்து கிளம்புகிற இடத்தில், ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் சாய்ந்து கிடக்கிறது. ரத்தம் ஓட ஓட நரம்பை இடித்து இடித்து, மேல் உறை தேய்ந்துவிட்டது. தோல் உரிந்த வயர் மாதிரி. அப்புறம் ஒரு முடி பட்டால்கூட நரம்பு அதை ஷாக் என்றுதான் மூளைக்குச் சொல்லும். மாத்திரையால் அடக்கிப் பார்க்கலாம். அடங்காவிட்டால் காதுக்குப் பின்னால் திறந்து, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன மெத்தை வைக்கலாம். சில பேருக்கு மாதக்கணக்கில் வராமலே இருந்துவிட்டு, திடீரென்று திரும்பி வரும் என்றார்.

"அப்போ நான் நடிக்கல?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றார் டாக்டர்.

என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி," என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. முடியாதே. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

மாத்திரை கொஞ்சம் கேட்டது. ஆனால் தலை சுற்றும். தெரிந்த வார்த்தைகூடச் சட்டென்று வாயில் வராது. கொமுட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் போய் வந்தாள். ரயிலுக்குள் ஏர்கோன் நேராக முகத்தில் அடிக்காத மூலை எது என்று அவளுக்கு அத்துப்படி. அந்த மூலையில் யாராவது நின்றால், "எனக்கு முகத்துல நரம்பு வலி, நகருங்க," என்பாள். தயவுசெய்து என்ற வார்த்தையை அவள் சேர்த்து நான் கேட்டதேயில்லை. "காலில்லாதவன் உக்கார இடம் கேட்டா கெஞ்சணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. ஜாதிக்காயை அரைத்துப் பூசு என்றார்கள். சீன வைத்தியர் சின்சேயிடம் போ என்றார்கள். தைலத்தைக் கையோடு கொண்டுவந்து கன்னத்தில் தேய்க்கப் பார்த்தவர்களும் உண்டு. சொந்தக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வதாக வேண்டிக்கொள், முருகன் எடுத்துவிடுவான் என்றார்.

"உள்ளேருந்து ஒருத்தன் குத்திக்கிட்டே இருக்கான் மாமா. வெளியிலேருந்து வேறயா?"

இப்படிப்பட்டவளுக்குத்தான் நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம் கூடி வந்தது.

மாப்பிள்ளை பந்திங் ஊர்க்காரர். செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவர். முதல் மனைவி நோயில் தவறிப்போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அக்கா மகளின் அலங்காரத்துக்காகக் கூட்டி வந்து, வேலை முடியும் வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மேலே பார்த்து, "காத்தாடிக்கு இறக்கை எங்க?" என்று கேட்டார். இவள் காரணத்தைச் சொன்னாள். அவர் "ஓ" என்றார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் போன பிறகு இவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"ஒரு வைத்தியமும் சொல்லாம எழுந்து போன முதல் ஆம்பளைடி அந்த ஆளு."

அப்புறம் அவர் அந்தப் பக்கம் லோரி வராத நாட்களில்கூட வந்தார். விவரம் வேண்டாம், நமக்கே வெட்கமாக இருக்கிறது.

அவரை வளர்த்தது அவருடைய அக்கா. கல்யாணப் பேச்சு முடிந்ததும் பந்திங்கில் அந்த அக்கா வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்து இவள் எல்லார் முன்னாலும் மாத்திரையை எடுத்து விழுங்கியிருக்கிறாள். மறைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு எங்கே இருந்தது? அக்கா அந்த அட்டையைப் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வலிப்பு உண்டு. அவன் சாப்பிடுவதும் அதே மாத்திரை. அன்றைக்கு அக்கா வாயைத் திறக்கவில்லை. நலங்கு அன்றைக்குத்தான் திறந்தார்.

நலங்கு கிள்ளானில், இவள் வீட்டில். சந்தனம் கைக்கும் காலுக்கும் மட்டும்தான், முகத்துக்குக் கிடையாது என்று முன்பே எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். பந்திங்கிலிருந்து வேனில் பெண்கள் வந்து இறங்கினார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை வெளியே நின்றுகொண்டார். இவளை மணையில் உட்கார வைத்தோம். சந்தனக் கிண்ணத்தை முதலில் எடுக்க வேண்டியவர் அந்த அக்கா. அவர் எடுக்கவில்லை.

"எல்லாரும் இருக்கும்போதே கேட்டுடறேன்மா. நீ சாப்பிடறது எங்க பக்கத்து வீட்டுப் பையன் சாப்பிடற வலிப்பு மாத்திரைதானே?"

"ஆமா. அதே மாத்திரைதான்," என்றாள் இவள்.

நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன். "அக்கா, இவளுக்கு அது வலிப்புக்கு இல்லக்கா..."

"நீ சும்மா இருடி." இவள் எழுந்து நின்றுவிட்டாள். "எனக்கு வலிப்பு இல்ல. முகத்துல நரம்பு வலி, அதுக்கும் இந்த மாத்திரைதான் குடுப்பாங்க. ஆனா வலிப்பு இருந்தா என்னவாம்? உங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாளைக்கு யாரும் பொண்ணு குடுக்கக் கூடாதா?"

"அவனைப் பத்தி நான் பேசல." அக்கா சத்தம் போடவில்லை. "என் தம்பியைப் பத்திப் பேசறேன். ஒருத்தியைக் கட்டி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தூக்கிட்டு அலைஞ்சு, கடைசியில தனியா வீட்டுக்கு வந்தான். அதை நான் பாத்தேன். தாலியில ரெண்டு முடிச்சு நான் போடணும். என்னான்னு தெரியாத ஒண்ணுக்கு நான் முடிச்சுப் போட மாட்டேன்."

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் கேட்டதில் தப்புச் சொல்ல முடியவில்லை. தம்பியை மறுபடி அந்த நிலையில் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. இவளும் அதைப் புரிந்துகொண்டாள் போல. குரலைத் தணித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து வந்தது.

கடையில் வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள் என்று சொன்னேன் இல்லையா? அன்றைக்குத் திரும்பவில்லை. அந்த அக்காவைப் பார்த்தபடியே நின்றாள். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கன்னத்துச் சதை துடித்தது எல்லாருக்கும் தெரிந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ தைலத்தோடு ஓடிவந்தார்கள், நான் கையை விரித்து மறித்தேன். விட்டது, மறுபடி வந்தது. இவள் பார்வையை மட்டும் எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலர் வெளியே போய்விட்டார்கள்.

முடிந்ததும் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "பாத்துட்டீங்களா? இதுதான். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. இது ஆளைக் கொல்லாது. ஆனா போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"தம்பியைக் கூப்பிடுங்க," என்றார் அக்கா.

"அவரை எதுக்கு? வலி என்னோடது. என்னைக் கேளுங்க."

அக்கா அவளையே கேட்டார். "முகூர்த்த நேரத்துல வந்தா என்ன பண்ணுவே?"

"நிறுத்தச் சொல்வேன்."

"நல்ல நேரம் போயிடுமேம்மா."

"போகட்டும். வலி அடிக்கும்போது, என்ன நடக்குதுன்னே தெரியாம கழுத்தை நீட்ட மாட்டேன். வாழ்க்கையில ஒரு தடவை நடக்கப்போறது. அப்போ நான் அங்கே இருக்கணும்."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். இவள் மணையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி, "யாராவது வைங்க, சந்தனம் காயுது," என்றாள். நான்தான் வைத்தேன்.

எல்லாரும் போன பிறகு எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "வலிப்பு இல்லக்கா, ஸ்கேன் இருக்கு, பாருங்கன்னு பணிஞ்சு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேடி. எதுக்கு உனக்கு இந்த வீம்பு?"

"அப்படிச் சொன்னா, பரவாயில்ல, இவளுக்குக் கொஞ்சம்தான் சீக்குன்னு சேத்துக்குவாங்க. அந்தக் கணக்குல எனக்கு ஒரு வீடு வேணாம்."

"அந்த அம்மா வரலைன்னா?"

"அவர் அக்கா இல்லாம கட்ட மாட்டாரு. எனக்கும் தெரியும்," என்றாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயிலில். தன் அலங்காரத்தைத் தானே போட்டுக்கொண்டாள், இடது பக்கம் மட்டும். படம் எடுக்கிற பையன், "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க," என்று இடது பக்கத்தைக் கேட்டான். "நேரா எடு தம்பி, எனக்கு ரெண்டு பக்கமும் இருக்கு," என்றாள். பேச்செல்லாம் படத்தில் இருந்தது, கண் மட்டும் வாசலில் இருந்தது. மாப்பிள்ளையும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வந்தார். பச்சைப் பட்டு. யாரோடும் பேசவில்லை, சிரிக்கவில்லை. நேராக மேடைக்குப் போய் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முடிச்சுப் போட வந்தாரா, நிறுத்த வந்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. என் கையிலிருந்த அட்சதை வியர்வையில் கட்டியாகிவிட்டது.

குருக்கள் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். மாப்பிள்ளை குனிந்தபோது இவள் மாலை ஒரு பக்கமாக நகர்ந்து, அதிலிருந்த பூ வலது கன்னத்தில் உரசியது. அவ்வளவுதான். இவள் உடம்பு விறைத்தது. வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

அவர் நின்றுவிட்டார். தாலிக்கயிறு இரண்டு கைக்கும் நடுவில் அப்படியே தொங்கியது.

"என்ன ஆச்சு? கட்டச் சொல்லுங்கோ, நேரம் முடியறது," என்றார் குருக்கள். கீழேயிருந்து ஒரு ஆள், "கட்டிடு தம்பி, கட்டிடு," என்று குரல் கொடுத்தார். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி குருக்களையே பார்த்தார்கள். இவள் கண்ணை இறுக மூடியிருந்தாள், கன்னமெல்லாம் தண்ணீர். குருக்கள் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினார்.

பின்னாலிருந்து அக்கா குனிந்து குருக்களின் அந்தக் கையைப் பிடித்தார்.

"பொறுங்க. அவ சொல்லட்டும்."

"நல்ல நேரம் போயிடும்மா."

"போகட்டும்," என்றார் அக்கா.

மாப்பிள்ளையின் கை நோக ஆரம்பித்திருக்க வேண்டும், இறக்கவில்லை. ஒருமுறை விட்டது, அவர் குனியவில்லை. மறுபடி வந்தது. நேரம் தாண்டிவிட்டது என்று குருக்கள் மெதுவாகச் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. அக்கா பெண்ணின் சடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முடிச்சுப் போடத் தயாராக நின்றார்.

பிறகு இவள் கண்ணைத் திறந்தாள். மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, கெட்டிமேளத்துக்குத் தானே கையைக் காட்டினாள்.